லேப்ராஸ்கோப்பியில் கேமரா பிடிப்பது எப்படி: கையாலும், ரோபோவாலும்

லேப்ராஸ்கோப்பி என்பது வயிற்றில் சிறு துளைகள் போட்டு, உள்ளே விட்ட கேமராவின் படத்தைப் பார்த்துச் செய்யும் அறுவை. அந்தத் தியேட்டரில் முதன்முதலாக ஸ்க்ரப் செய்து (கைகழுவி, ஸ்டெரைல் உடை போட்டு) நிற்பவர் கையில் பெரும்பாலும் கேமராவைத்தான் கொடுப்பார்கள். "சும்மா பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, போதும்" என்பார்கள். அந்தச் சும்மாவை நம்பி நின்றவர்களில் நானும் ஒருவன். அரை மணி நேரத்தில் தோள்பட்டை கடுக்க ஆரம்பித்துவிட்டது, படம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அது எனக்கே தெரியவில்லை. சர்ஜன் ஒன்றும் சொல்லவில்லை, கழுத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிஸ்டர்தான் என் முழங்கையை இடித்துச் சொன்னார்.

ஜூனியர் டாக்டர்கள், தியேட்டர் டெக்னீஷியன்கள், ஸ்க்ரப் நர்ஸ்கள் என்று அந்த இடத்தில் நிற்கப்போகிற எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். முதலில் கையால் பிடிப்பது, அப்புறம் கேமராவைப் பிடிக்கும் ரோபோக் கை. வரிசையை மாற்றிப் படிக்காதீர்கள். கையால் பிடிக்கத் தெரியாதவர் ரோபோவை வைத்துக்கொண்டால் படம் ஆடாமல் நிற்கும், உண்மைதான், ஆனால் சர்ஜனுக்கு வேண்டிய இடம் அந்தப் படத்தில் இருக்காது.

ஒரு சின்ன முன்கதை. 1980களில் சிறிய வீடியோ கேமராவை ஸ்கோப்பின் (வயிற்றுக்குள் விடும் நீளமான லென்ஸ் குழாயின்) பின்முனையில் மாட்ட முடிந்த வரைக்கும், சர்ஜன் ஒரு கண்ணை ஸ்கோப்பில் ஒட்டிவைத்துக்கொண்டு குனிந்தபடிதான் வயிற்றுக்குள் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கை ஸ்கோப்பிலேயே மாட்டிக்கொள்ளும், கூட நிற்பவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. கேமரா வந்ததும் தியேட்டரில் இருக்கும் அத்தனை பேரும் மானிட்டரில் பார்க்கலாம், சர்ஜனின் இரண்டு கையும் விடுதலை. ஆனால் அதற்கு ஒரு விலை: சர்ஜனின் கண் இன்னொருவர் கைக்குப் போனது. அந்த இன்னொருவர்தான் நீங்கள். ரோபோக் கைகள் வந்ததும் இந்த ஒரே சிக்கலைத் தீர்க்கத்தான்.

முதல் படி: நோயாளியைத் தொடுவதற்கு முன்

கையில் வந்திருக்கும் ஸ்கோப் 10 மி.மீ. தடிமனா 5 மி.மீ. தடிமனா, நேராகப் பார்ப்பதா (0 டிகிரி) சாய்வாகப் பார்ப்பதா (30 டிகிரி) என்று பாருங்கள். தண்டிலோ பின்பக்கத்திலோ எழுதியிருக்கும். 30 டிகிரி ஸ்கோப்பை 0 டிகிரி என்று நினைத்து உள்ளே விட்டால் ஐந்து நிமிடம் எங்கே பார்க்கிறோம் என்றே தெரியாமல் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து லைட் கேபிளையும் கேமராவையும் மாட்டி, வெள்ளை காஸ் துணியை முனைக்கு நேரே காட்டி ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் கல்லீரல் ஒரு நிறம், பித்தம் ஒரு நிறம், ரத்தம் ஒரு நிறம் என்று எதையும் நம்ப முடியாது. அதே துணியின் இழை தெளிவாகத் தெரியும் வரை ஃபோகஸையும் சரிசெய்துவிடுங்கள். பிறகு ஸ்கோப்பின் முனையைச் சூடான ஸ்டெரைல் தண்ணீரில் வைத்து, உள்ளே விடுவதற்குச் சற்றுமுன் எடுத்து நன்றாகத் துடைக்க வேண்டும். வயிற்றுக்குள் சூடும் ஈரமும் இருக்கிறது, குளிர்ந்த கண்ணாடி உள்ளே போனதும் ஆவி படிந்துவிடும்.

லைட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எரிந்துகொண்டிருக்கும் லைட் கேபிளைக் கழற்றி நோயாளியின் மேல் விரித்த துணியில் வைக்காதீர்கள். பார்க்கக் குளிர்ச்சியான வெள்ளை வெளிச்சம்தான், ஆனால் முனை கொதிக்கும். நான் ஒருமுறை "ஒரு நிமிஷம்தானே" என்று வைத்தேன், எடுத்தபோது அந்தத் துணியில் (ட்ரேப்பில்) பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம். அதற்குக் கீழே ஒரு மனிதரின் தொடை இருந்தது. துணியோடு போனது அதிர்ஷ்டம். பயன்படுத்தாத நேரத்தில் லைட்டை ஸ்டாண்ட்பையில் போடச் சொல்லுங்கள், சொல்ல வெட்கப்படாதீர்கள். உள்ளே இருக்கும்போதும் முனை குடலைத் தொட்டபடி நிற்கக்கூடாது, காரணம் அதேதான்.

இரண்டாம் படி: நிற்பதும் பிடிப்பதும்

சர்ஜன் எந்த மானிட்டரைப் பார்க்கிறாரோ அதே திசையைப் பார்த்து நிற்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. எதிர்ப்பக்கம் நின்று பிடித்தால் இடம் வலம் எல்லாம் தலைகீழாகும். முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும், காற்றில் தொங்கும் கைதான் சீக்கிரம் நடுங்கும். மேசை உயரமாக இருந்தால் கால்படி கேளுங்கள். உட்கார்ந்து பிடிக்க இடமிருந்தால் உட்காருங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

ஒரு கை கேமராத் தலையில். மற்றொரு கை லைட் கேபிள் ஸ்கோப்பில் சேரும் இடத்தில். ஏன் என்று 30 டிகிரி பற்றிச் சொல்லும்போது புரியும்.

ட்ரோக்கார் (வயிற்றுச் சுவரில் குத்தி வைக்கும் குழாய்) வழியாகப் போகும் ஸ்கோப்புக்கு நான்கே அசைவுகள்தான்: மேல்–கீழ், இடம்–வலம், உள்–வெளி, தன் அச்சில் சுழல்வது. வயிற்றுச் சுவர்தான் நெம்புகோலின் ஆதாரம், ஆகவே வெளியே கையைக் கீழே இறக்கினால் உள்ளே முனை மேலே போகும், வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் பார்க்கும். முதல் இரண்டு மூன்று கேஸ்களில் எல்லோரும் இதில் தடுமாறுவார்கள். யோசித்து யோசித்துச் செய்தால் வராது, கையே பழக வேண்டும். ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் சின்ன கேமராவைக் கட்டி, உள்ளே ஒட்டிய எண்களை ஒவ்வொன்றாக நடுவில் கொண்டுவந்து நிறுத்திப் பழகலாம். கேலியாக இருக்கும், ஆனால் பலன் உண்டு.

மூன்றாம் படி: படம் சாயக்கூடாது

புதியவர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் நடப்பதும், செய்பவருக்குத் தெரியாமலே நடப்பதும் இதுதான். கேமராத் தலையில் இருக்கும் பொத்தான்கள் எப்போதும் மேல்நோக்கி இருக்க வேண்டும். உங்கள் மணிக்கட்டு களைத்துத் திரும்பும்போது அதுவும் திரும்பும், படம் சாயும், உங்கள் மூளை அந்தச் சாய்வைச் சரி என்று ஏற்றுக்கொண்டுவிடும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு அடையாளத்தைப் பாருங்கள். மேல்வயிற்றில் உதரவிதானத்தின் வளைவு, இடுப்புப் பகுதியில் கருப்பை அல்லது சிறுநீர்ப்பையின் கோடு. இதெல்லாம் குழப்பமாக இருந்தால் உள்ளே தேங்கியிருக்கும் திரவத்தின் மட்டத்தைப் பாருங்கள், மேசை எப்படிச் சாய்ந்திருந்தாலும் அது பொய் சொல்லாது. மேசையைத்தான் சாய்ப்பார்களே: பித்தப்பைக்குத் தலைப்பக்கம் உயர்த்தி இடப்பக்கம் சரிப்பார்கள், இடுப்புப் பகுதி அறுவைக்குத் தலையைத் தாழ்த்துவார்கள்.

நான்காம் படி: எதைக் காட்டுவது, எவ்வளவு அருகில்

வேலை செய்யும் கருவியின் முனை படத்தின் நடுவில். இது அடிப்படை விதி. ஆனால் கருவி ஒவ்வொரு மில்லிமீட்டர் நகரும்போதும் பின்னாலேயே ஓடாதீர்கள், பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். முனை படத்தின் நடுப்பகுதியை விட்டு விலகும்போது மட்டும் மெதுவாக நகர்த்தினால் போதும்.

நுணுக்கமாகப் பிரித்தெடுக்கும்போது அருகே போங்கள். கருவி மாற்றும்போது, ஊசி உள்ளே வரும்போது, எதையாவது இழுத்துப் பிடிக்கும்போது பின்வாங்கி அகலமாகக் காட்டுங்கள். கூர்மையான எதுவும், சூடான எதுவும் படத்துக்கு வெளியே அசையக்கூடாது. கருவி ட்ரோக்காரிலிருந்து வெளிவரும் இடத்தில் அதைச் சந்தித்து, வேலை நடக்கும் இடம் வரை கூட்டிக்கொண்டு வர வேண்டும். திசுவைச் சூட்டால் வெட்டும் காட்டரி கொக்கி படத்துக்கு வெளியே குடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது யாருக்கும் தெரியாது, சில நாள் கழித்து நோயாளிக்குத்தான் தெரியும்.

குழாயையோ ரத்தநாளத்தையோ அடைக்கக் கிளிப் போடும்போது கிளிப் கருவியின் இரண்டு தாடையும் நுனிவரை தெரிய வேண்டும், பின்பக்கத் தாடை எதைக் கவ்வுகிறது என்பது தெரியாமல் சர்ஜன் அமுக்க மாட்டார். முன்கூட்டியே அந்தக் கோணத்துக்குப் போய் நில்லுங்கள். அதற்கு அறுவையின் அடுத்த கட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முந்தின நாளே அந்த அறுவையின் படிகளைப் படித்துவிட்டு வந்தவருக்கும் வராதவருக்கும் கேமராவில் தெரியும் வித்தியாசம் இருக்கிறதே, அதைச் சர்ஜன்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: 30 டிகிரி ஸ்கோப்பின் சூட்சுமம்

இதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் புதியவர் இல்லை. கேமராத் தலை அசையாமல் நேராகவே இருக்கும், ஸ்கோப்பை மட்டும் லைட் கேபிளைப் பிடித்துச் சுழற்ற வேண்டும். இரண்டு கை வேண்டும் என்றது இதற்குத்தான். ஸ்கோப் எப்போதும் லைட் கேபிளுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும். கேபிள் 12 மணியில் நின்றால் பார்வை கீழே, 6 மணிக்குக் கொண்டுவந்தால் பார்வை மேலே, 9 மணியில் இருந்தால் வலப்பக்கம்.

உதாரணமாக, தொப்புள் வழியாக ஸ்கோப் உள்ளே போனபிறகு மற்ற ட்ரோக்கார்களைக் குத்தும்போது முன்வயிற்றுச் சுவரை உள்ளிருந்து பார்க்க வேண்டும். கேபிளை 6 மணிக்குத் திருப்பினால் சுவர் முழுக்கத் தெரியும், ட்ரோக்காரின் கூர்முனை வருவதும் தெரியும். பித்தப்பையில் இன்னும் முக்கியம். ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்கும் அவரது குழுவும் 1995-ல் எழுதிய பிறகு பரவலான "பாதுகாப்பான பார்வை" என்ற விதி இருக்கிறது: பித்தப்பைக் கழுத்தடியில் உள்ள முக்கோணம் கொழுப்பும் நாரும் நீங்கிச் சுத்தமாக இருக்க வேண்டும், பித்தப்பையின் அடிப்பகுதி கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பித்தப்பைக்குள் போகும் குழாய்கள் இரண்டே இரண்டுதான் தெரிய வேண்டும். அதன் பிறகே கிளிப், வெட்டு. இதை முன்பக்கமிருந்தும் பின்பக்கமிருந்தும் காட்டியாக வேண்டும். அந்த இரண்டு பக்கத்தையும் காட்டுவது உங்கள் இடது கையில் இருக்கும் லைட் கேபிள். சும்மா பிடிப்பது என்று சொன்னார்களே, பித்தநாளம் தவறி வெட்டுப்படாமல் இருப்பதில் அந்தச் சும்மாவுக்கும் பங்கு உண்டு.

ஆறாம் படி: மங்கல், புகை, ரத்தம்

படம் மங்கினால் உடனே ஸ்கோப்பை வெளியே இழுக்காதீர்கள், ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சர்ஜன் குருடாகிறார். முதலில் காரணம் பாருங்கள். காட்டரிப் புகையா? வேறொரு ட்ரோக்காரின் பக்கவாய்த் திருகைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். ஆவியா? வயிற்றை உப்பவைக்கும் வாயுக் குழாய் உங்கள் கேமரா ட்ரோக்காரிலேயே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், வறண்ட குளிர்ந்த கார்பன் டை ஆக்சைடு நேரே லென்ஸில் அடித்துக்கொண்டிருக்கும், வேறு போர்ட்டுக்கு (ட்ரோக்கார் துளைக்கு) மாற்றச் சொன்னால் தீர்ந்தது. துடைத்துத் துடைத்து உள்ளே விட்டும் திரும்பத் திரும்ப அழுக்காகிறதா? லென்ஸில் குற்றமில்லை, ட்ரோக்கார் குழாய்க்குள் ரத்தம் ஒட்டியிருக்கிறது, அதைத் துடையுங்கள். இது எனக்கு யாரும் சொல்லித் தராமல் பல நாள் கழித்துத் தெரிந்த விஷயம்.

ரத்தம் பீய்ச்சினால் கொஞ்சம் பின்வாங்குங்கள், ஆனால் அந்த இடத்தைப் படத்திலிருந்து விடாதீர்கள். லென்ஸில் தெறித்துவிட்டால் எல்லாம் சிவப்பு, அந்த நேரத்தில் ஒரு நொடி மிக நீளமானது.

ஏழாம் படி: பேச்சு

"மேலே" என்றால் என்ன? படத்தில் மேலே இருப்பதைக் காட்டுவதா, கேமராவை மேலே தூக்குவதா? கத்தி வைப்பதற்கு முன்பே சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை "படத்தில் மேலே" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அப்புறம், நீங்களும் பேசலாம். படத்தின் ஓரத்தில் ரத்தம் தேங்குவதோ, கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் கருவி) பிடித்த இடம் கிழிவதோ நடுவில் கண் வைத்திருக்கும் சர்ஜனுக்குத் தெரியாமல் போகலாம். "சார், கீழே ரத்தம் மாதிரி இருக்கு" என்று சொன்ன ஜூனியரை யாரும் திட்டி நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது ரோபோ

மோட்டாரே இல்லாத பிடிப்பான்கள் முதலில். மேசைக் கம்பியில் மாட்டி, மூட்டுகளை இறுக்கினால் ஸ்கோப்பை வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கை. நகர்த்த வேண்டுமென்றால் தளர்த்தி, நகர்த்தி, திரும்ப இறுக்க வேண்டும். இது ரோபோ அல்ல, ஆனால் ஆள் பற்றாத இரவில் பெரிய உதவி.

மோட்டார் வைத்தவற்றில் முன்னோடி ஈசாப். கம்ப்யூட்டர் மோஷன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்தது, 1994-ல் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்றது. முதலில் காலால் மிதித்தும் கையாலும் இயக்கினார்கள், பின்னால் வந்த மாடல்களில் சர்ஜனின் குரலைப் பதிவுசெய்து வைத்து, அவர் சொல்லும் கட்டளைக்கு நகர வைத்தார்கள். 2003-ல் அந்த நிறுவனம் சர்ஜன் தள்ளி உட்கார்ந்து இயக்கும் டாவின்சி ரோபோவைச் செய்யும் இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கலோடு இணைந்தது, ஈசாப் வழக்கொழிந்தது. அந்த வழியில் வந்தவை பல. சர்ஜன் தலையில் பட்டை கட்டி, தலையைத் திருப்பித் திசை காட்டி, காலால் மிதித்தால் நகர்வது எண்டோஅசிஸ்ட், பிறகு வந்த ஃப்ரீஹேண்ட். நோயாளியின் வயிற்றின் மேலேயே வளையம் போல உட்கார்ந்துகொள்வது பிரான்ஸின் விக்கி. ஜாய்ஸ்டிக் வைத்தது ஜெர்மனியின் சோலோஅசிஸ்ட். கருவியின் முனையைப் படத்திலேயே அடையாளம் கண்டு தானாகப் பின்தொடரப் பார்ப்பது ஆட்டோலேப். சென்ஹான்ஸ் என்ற அறுவை ரோபோவில் சர்ஜன் எங்கே பார்க்கிறாரோ அந்த இடத்துக்குப் படம் நகரும், கண்ணையே பின்தொடர்கிறது. டாவின்சியில் கேமராவும் சர்ஜன் கையில்தான்: பெடலை மிதித்தால் கருவிகள் அப்படியே நிற்கும், கையசைவு கேமராவுக்குப் போகும், பெடலை விட்டால் திரும்பக் கருவிகளுக்கு.

இத்தனை வகையும் ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில்கள். "எங்கே பார்க்க வேண்டும்" என்று இயந்திரத்துக்கு யார், எப்படிச் சொல்வது? வாயாலா, தலையாலா, காலாலா, கண்ணாலா? நடுக்கத்தை நிறுத்துவது இவற்றைச் செய்தவர்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை, 1994-லேயே அது தீர்ந்துவிட்டது.

அது தீர்ந்ததற்குச் சான்றும் உண்டு. லூயிஸ் கவூஸியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த அவரது குழுவினரும் 1995-ல் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டார்கள். உடம்பின் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி வேலை இருக்கும் அறுவைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் ரோபோக் கை, மறுபக்கம் மனித உதவியாளர். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, அதே நோயாளி, அதே சர்ஜன், மாறியது கேமரா பிடித்தவர் மட்டும். ரோபோ பிடித்தபோது படம் தெளிவாகவே குறைவாக ஆடியது. அறுவை நேரத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: ஆட்டம் குறைந்தது, அதனால் வேலை வேகமாகிவிடவில்லை.

ரோபோக் கையை மாட்டும்போது

மேசைக் கம்பியில் மாட்டும் வகையானால், ட்ரேப் போடும் முன்பா பின்பா என்பதை அந்தக் கருவியின் முறைப்படி முடிவு செய்து, கைக்கு ஸ்டெரைல் உறை போட வேண்டும். பிறகு கையை அதன் முழு வீச்சுக்கும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். நோயாளியின் முகத்திலோ தொடையிலோ இடிக்கிறதா? சர்ஜனின் வலது முழங்கை வரும் வழியில் நிற்கிறதா? துணிக்குக் கீழே எது இருக்கிறது என்பது தெரியாமல் மோட்டாரை ஓட்டக்கூடாது.

சில கைகளில் மணிக்கட்டு மூட்டு தளர்வாக இருக்கும், துளையே தன் சுழற்சி மையத்தைத் தீர்மானித்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் அந்த மையத்தை நீங்கள் குறித்துக் கொடுக்க வேண்டும், ட்ரோக்கார் வயிற்றுச் சுவரைத் துளைக்கும் புள்ளியில். அதைத் தவறாக வைத்தால் ஒவ்வொரு அசைவிலும் துளையின் விளிம்பு இழுபடும். வாயு அழுத்தம் வழக்கமான 12–15 மி.மீ. பாதரச அளவிலிருந்து குறைந்து வயிறு தாழ்ந்தாலும் இதே கதைதான், குறித்த புள்ளி அங்கேயே நிற்கும், சுவர் கீழே போயிருக்கும். ஆகவே வாயு கசிந்தால் ரோபோவை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

உள்ளே போகும் ஆழத்துக்கு வரம்பு வைக்க முடிந்தால் கட்டாயம் வையுங்கள். உங்கள் கைக்கு ஸ்கோப் எதிலோ முட்டுவது தெரியும், தன்னால் நின்றுவிடுவீர்கள். இந்தக் கைகளுக்கு அந்த உணர்வு கிடையாது, அல்லது மிகக் குறைவு. கல்லீரலில் முட்டினாலும் சொன்ன தூரம் போகப் பார்க்கும்.

மேசையைச் சாய்க்க வேண்டுமானால்? மேசையிலேயே மாட்டிய கை மேசையோடு சேர்ந்து சாயும். தரையில் தனி வண்டியில் நிற்கும் ரோபோவானால், மேசையோடு சேர்ந்து நகரும்படி இணைக்கப்பட்ட ஏற்பாடு இருந்தால் ஒழிய, கைகளைக் கழற்றாமல் மேசையைத் தொடவே கூடாது. மயக்க மருந்து டாக்டருக்கும் இதை முன்பே சொல்லிவையுங்கள், அவர் வழக்கம்போல ரிமோட்டை எடுத்துவிடுவார்.

எதை யாரிடம் விடுவது

வேலை ஒரே சின்னப் பகுதியில் நடந்தால் ரோபோ நன்றாக இருக்கும். பித்தப்பை, குடலிறக்கம், இடுப்பின் ஆழத்தில் நெடுநேரம் நடக்கும் பிரித்தெடுப்பு, உள்ளே போடும் தையல். தையலின்போது படம் கல்லில் செதுக்கியது போல நிற்பது சர்ஜனுக்குச் சுகம், இரண்டு மணி நேரம் கழித்தும் அப்படியே நிற்கும், காபிக்குப் போக வேண்டும் என்று நினைக்காது. வயிற்றின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அலைய வேண்டிய பெருங்குடல் அறுவை போன்றவற்றில் அது நிதானமாக நகர்ந்து சேர்வதற்குள் சர்ஜனுக்குப் பொறுமை போய்விடும், "கழற்றுங்க, நீங்களே பிடிங்க" என்பார்.

இன்னொன்று. கேமராக் கைகள் பலவற்றில் மூன்று அசைவுதான்: மேல்–கீழ், இடம்–வலம், உள்–வெளி. 30 டிகிரி ஸ்கோப்பைச் சுழற்றுவதற்கு மனிதக் கைதான் போக வேண்டும். லென்ஸ் அழுக்கானால் எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டுவதும் ஆள்தான். ஆகவே "ரோபோ இருக்கிறது, நமக்கு வேலையில்லை" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

தானாகப் பின்தொடரும் வகையில் ஒரு பொறி இருக்கிறது. அது கருவியைப் பின்தொடரும், பிரச்சினையைப் பின்தொடராது. ரத்தம் கருவி இல்லாத இடத்தில் கசிந்தால் அதற்கு அங்கே பார்க்க ஒரு காரணமும் இல்லை. நல்ல கேமரா ஆள் அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். ரோபோ வைத்து வேலை செய்யும்போது சர்ஜன்தான் தன் கருவி, தன் கேமரா இரண்டையும் யோசிக்க வேண்டும், ஆகவே ஓரத்தைப் பார்க்கும் கடமை கேமராவிலிருந்து விடுபட்ட உங்களுக்கு இன்னும் கூடுகிறது. மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

எனக்கு ஒரு தனிப்பட்ட மனக்குறையும் உண்டு. ஜூனியர்கள் உடற்கூறைப் படிப்பது கேமராவின் பின்னால் நின்றுதான். சர்ஜன் அடுத்து எங்கே போவார் என்று ஊகித்து ஊகித்துத்தான் அறுவையின் ஒழுங்கு மனதில் ஏறுகிறது. அந்த இடத்தை முழுக்க இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் அந்தப் பாடம் வேறெங்கே கிடைக்கும்? உங்கள் தியேட்டரில் ரோபோக் கை இருந்தால், தையல் போன்ற அசையாத கட்டங்களை அதற்கு விட்டுவிட்டு, போர்ட் போடுவது முதல் கிளிப் வரையிலான பகுதியை நீங்கள் பிடிக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்கிற சீனியர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு ஒத்திகை

நோயாளி வருவதற்கு முன், வெறும் மேசையில், ரோபோக் கையிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றி உங்கள் கைக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது, கரண்ட் போனால் கை விழுமா, பூட்டிக்கொண்டு நிற்குமா, பூட்டிக்கொண்டால் எந்தத் திருகைத் தளர்த்த வேண்டும், உறைக்கு வெளியே இருந்தே அதைச் செய்ய முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்கு மூன்று நான்கு முறை பழகுங்கள். பிறகு சர்ஜனிடம் ஒரே ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், "கைக்கு" என்றோ வேறு எதுவோ. அந்தச் சொல் வந்ததும் ரோபோ நிற்க வேண்டும், ஸ்கோப் உங்கள் கையில் இருக்க வேண்டும், பொத்தான்கள் மேல்நோக்கி, ரத்தம் வரும் இடம் படத்தின் நடுவில்.